அரை டெசிபல்

"அங்கிள், காதுல எறும்பு"
என்றான் எதிர் ஃப்ளாட் பையன்.
எறும்பில்லை.
ஹெட்போனின் தோல் உரிந்து
கறுப்புச் செதிலாய் ஒட்டியிருந்தது.

அயனாவரம். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
ஸ்பீக்கர்கள் அட்டைப்பெட்டிக்குள் போய் ஒரு வருஷம்.
கீழ்வீட்டுக் கோதண்டம் சார்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார்,
பேஸ் விழும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று,
தாளம் தப்பாமல்.

ஆகவே எல்லாம் தலைக்குள்தான்.
தவில் இடது காதை ஒட்டி,
உடுக்கை வலது புருவத்துக்குப் பின்னால்,
கீபோர்டு பிடரியில்.
நடுவே, மூளை இருக்கவேண்டிய இடத்தில்,
சுகந்தி நின்று பாடுகிறாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறுக்குள் வேண்டுமாம்.
கோயில் கமிட்டி கொடுத்தது நாலாயிரம்.
பாதி அவளுக்கு.
மருந்துக்கடை ஷிப்ட் முடித்து
ஒன்பதே முக்காலுக்குத்தான் ஏறி வந்தாள்.
பீரோவைத் திறந்து போர்வை தொங்கவிட்டு
என் சட்டைகளுக்கு நடுவே மைக்.
ஃபேனை நிறுத்தினேன்.
"மூச்சு வாங்குதுண்ணா, ஒரு நிமிஷம்" என்றாள்.
அதற்குள் பட்டனை அழுத்தியிருந்தேன்.

பிறகு பதினோரு இரவுகள்.
யார் வீட்டுக் குக்கரோ விட்ட விசிலை அறுத்தெடுத்தேன்.
வில்லிவாக்கம் பக்கம் போன ரயிலின் ஹார்ன்
சுருதியோடு சேர்ந்திருந்ததால் விட்டுவைத்தேன்,
மறுநாள் மனசு கேட்காமல் அதையும்.
அவள் குரலுக்குப் பின்னால்
ஒரு கல்மண்டபம் கட்டினேன்:
இரண்டரை விநாடி எதிரொலி,
தூண் தூணாய்த் தொட்டுத்
தேய்ந்து போகும்படி.
'தாயே'வில் அரை டெசிபல் கூட்டினேன்.
காலையில் குறைத்தேன்.
ராத்திரி திரும்பவும் கூட்டினேன்.
அரை டெசிபல் என்பது
ஒரு குண்டான் மாவில் ஒரு கல் உப்பு.
யாருக்குத் தெரியப்போகிறது?
எனக்குத் தெரியுமே.

மூச்சுகளைக் கடைசியில்தான் எடுத்தேன்,
வரிக்கு வரி,
சாமந்திக் காம்பு கிள்ளுவதுபோல.
முதல் வரிக்கு முன்னால் இருந்தது மட்டும் பாக்கி.
கர்சர் அதன்மேல் மினுக்கிக்கொண்டிருந்தபோது
தெருவில் தண்ணீர் லாரி.
குடத்தோடு இறங்கிவிட்டேன்.
மறந்தேனா, விட்டேனா,
இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
வேப்பிலைத் தோரணம், கூழ் வரிசை,
கம்பத்தில் முதுகோடு முதுகாய்க் கட்டிய
இரண்டு கூம்பு ஸ்பீக்கர்.
இரண்டிலும் ஒரே ஒலி.
இடமும் வலமும்
எனக்கும் ஹெட்போனுக்கும் மட்டுமான ரகசியமாகிவிட்டன.
கல்மண்டபம் தகரமாகச் சுருங்கிவிட்டது.
பேஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.
கோதண்டம் சார் சொம்போடு
நிம்மதியாக நிற்கிறார்.
சவுண்டு சர்வீஸ் பையன்
குமிழை அது போகும்வரை திருகுகிறான்.

ஆனால் பாட்டுக்கு முன்னால்
தெரு முழுக்க ஒரு மூச்சு கேட்டது.
நாற்பத்தெட்டுப் படி ஏறி,
அதற்கு முன் ஒன்பது மணி நேரம்
கவுன்டரில் நின்ற மூச்சு.
வரிசையின் கடைசியில் இருந்த அம்மாள்
யாரோ பின்னால் ஓடி வருவதாய் நினைத்து
ஒதுங்கி இடம் விட்டாள்.

சுகந்திக்கு ஞாயிறும் ஷிப்ட்.
போன் போட்டு
கூம்பை நோக்கித் தூக்கிப் பிடித்தேன்.
"ஒரே இரைச்சல்ண்ணா, ஒண்ணும் கேக்கல.
கஸ்டமர் நிக்கிறாங்க, வைக்கட்டா?"