சுவர்க்காகிதத்தின் பின்புறம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் ஜனவரி மாதம்
நாலு மணிக்குள் இருட்டிவிடும்.
வியாழக்கிழமைகளில் ஹானுஸின் படகுக் கொட்டகையில்
எட்டுப் பேர், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
வேதத்தின் கடைசிப் புத்தகம்.
பக்கம் புரட்டும் கைகளில் டீசல் வாசனை.

ஹானுஸ் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவர்.
மிஞ்சிப்போன சுவர்க்காகிதத்தின் பின்புறத்தில்
காலத்தை நேர்க்கோடாக இழுத்திருந்தார்.
முத்திரை ஏழு, சிவப்புப் பென்சில்.
எக்காளம் ஏழு, நீலம்.
கலசம் ஏழு, கறுப்பு. பச்சை தீர்ந்துவிட்டதாம்.
நான்கு மீட்டர் நீளம்.
முன்பக்கத்தில் எந்தக் குழந்தையின் அறைக்கோ வாங்கிய
மஞ்சள் வாத்துகள்.
இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்டால்
நீலத்தின் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே விரல் வைப்பார்.
க்ரீஸ் படிந்து படிந்து
அந்த இடம் மட்டும் முன்பே இருண்டு கிடந்தது.

சுன்லெய்வ் அதிகம் பேசுகிறவள் அல்ல.
வலைக்கூடத்தில் கிழிசல் தைப்பவள்.
மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு
நான்காம் வாரம் கேட்டாள்:
ஆறாம் முத்திரையிலேயே விண்மீனெல்லாம்
அத்திக்காயாய் உதிர்ந்து தீர்ந்ததே,
அப்புறம் எக்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருள
விண்மீன் ஏது?

அடுப்பு மட்டும் உறுமியது.

எய்டுன் போன இரவைப் பற்றி
தோர்ஸ்ஹவ்னில் விசாரணை நடந்தது, என்றாள்.
மூன்று படகோட்டிகள் சாட்சி.
ஒருவர் அலைகளை எண்ணியிருந்தார்.
ஒருவருக்குக் காற்றின் சத்தம் மட்டும்.
மிக அருகில் இருந்தவர்
விளக்கு அணைந்ததிலிருந்து தொடங்கினார்.
எழுத்தர் மூன்றையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்துவிட்டார்.
படித்தால் மூன்று புயல்.
என் தம்பி மூன்று தடவை மூழ்குகிறான்.
புயல் ஒன்றுதான், ஹானுஸ்.
ஒவ்வொரு தடவையும் படகு இன்னும் கிட்டே போகிறது.

மடியிலிருந்த நைலான் நூலை எடுத்துக் காட்டினாள்.
ஏழாம் முத்திரையை உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை,
அரைமணி நேர அமைதி.
அந்த ஒன்றுமில்லாததிலிருந்துதான்
எக்காளங்கள் கிளம்புகின்றன,
ஒரு வரிசையின் கடைசிக் கண்ணியில்
அடுத்த வரிசையைக் கோர்ப்பதுபோல.

என் மொழியில் இதற்கு அந்தாதி என்று பெயர்.
சொல்ல வாயெடுத்தேன்.
கண்ணியே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஹானுஸ் கோபப்படவில்லை. கத்தரிக்கோல் கேட்டார்.
ஒரு வருட உழைப்பை மூன்றாய் நறுக்கி
ஒன்றன்மேல் ஒன்று வைத்து
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.
நடுக்கம் நடுக்கத்தின்மேல் போய் உட்கார்ந்தது.
முதல் முடிவில் இடியும் மின்னலும்,
அடுத்ததில் கல்மழையும் கூட,
கடைசியில் ஒவ்வொரு கல்லும்
ஆளைச் சாய்க்கிற எடை.
எல்லாவற்றுக்கும் பின்னால் வாத்துகள்
மங்கலாய் நீந்தின.

மார்ச்சில் கடைசி அதிகாரங்கள்.
புது வானம், புது பூமி, கடல் கிடையாது.
எட்டுப் பேரில் ஆறு பேருக்குச் சம்பளமே கடல்தான்.
அப்போ ஹெர்ரிங் எங்கே போகும்? என்றாள் மாரியுன்.
யாரோ சிரித்தார்கள்.
எழுதியவன் தீவில் அடைபட்டுக் கிடந்தவன், என்றார் ஹானுஸ்,
கைதிக்குக் கடல் என்பது மதில்.
நல்ல பதில். குறித்துக்கொண்டேன்.

சுன்லெய்வ் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள்.
விரல் வரியைத் தேடிக் கண்டு நின்றது.
முதலில் கடல்
தன்னிடம் இருக்கிறவர்களைத் திருப்பித் தருகிறது.
கொடுத்துத் தீர்த்த பிறகுதான் இல்லாமல் போகிறது.
இந்த வரிசையை மட்டும்
யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

முன்பின் என்பதே இல்லை என்று வாதாடியவள் நீதானே
என்று கேட்கக்கூடியவர்தான் ஹானுஸ்.
கேட்கவில்லை.
வெட்டியதில் மிஞ்சிய துண்டை எடுத்து
ஒரு விரல் நீளத்துக்கு நேர்க்கோடு இழுத்தார்.
இந்த முனையில் ஒரு புள்ளி,
அந்த முனையில் ஒரு புள்ளி.
பச்சையில்.
எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார்.