உப்பிட்டவள்

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
சுப்பீரியர் ஏரிக்கரைச் சாலைகளில்
இரவெல்லாம் உப்புத் தூவுவது என் உத்தியோகம்.
முன்னால் பனி தள்ளும் அலகு,
பின்னால் சுழலும் தட்டு,
தலைமேல் மஞ்சள் விளக்கு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
மனிதர்கள் எப்படியோ,
இரும்பு நினைக்கிறது.

எங்கள் பழைய பிக்கப்பின் சட்டம்
மணலடித்துத் திரும்பி வந்தது மே மாதம்.
கராஜில் நான்கு மரக்கட்டைமேல்
படுக்கவைத்த ஏணிபோலக் கிடந்தது.
கேபின் ஒரு மூலையில்,
எஞ்சின் சங்கிலியில்.
ஐம்பது வருடச் சேறும் கிரீசும் போனபின்
அம்மணமான சாம்பல் இரும்பு.
விரல் ரேகை பட்டால்கூடத்
துருவாகிவிடும் என்றான் மணலடித்தவன்.
இன்றைக்கே எதையாவது பூசுங்கள் என்றும் சொன்னான்.

எதையாவது என்பதில்தான் தகராறு.

வெர்லின் சொன்னான், பவுடர் கோட்டிங்.
மின்சாரம் ஏற்றிய பொடி,
நானூறு டிகிரி அடுப்பு.
உருகி ஒரே தோலாகிவிடும்.
கல்லடிக்கு அசையாது, வழியாது,
தூரிகைத் தடம் இருக்காது.
"ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடலாம், இர்யா."

எனக்கு அந்த மறந்துவிடலாம் பிடிக்கவில்லை.

உள்மூலைகளுக்குப் பொடி சரியாகப் போகாது என்றேன்.
படகு டிரெய்லரை நினைவிருக்கிறதா என்றேன்.
ஆறு வருடம் கறுப்பாய் மினுங்கியது.
எங்கோ ஒரு கல் கீறி,
கீறல் வழியே உப்புத்தண்ணீர் புகுந்து,
தோல் இருக்கச் சுளை விழுங்கியிருந்தது.
கட்டைவிரல் வைத்தேன்,
கொப்புளம்போல அமுங்கியது.
ஸ்க்ரூடிரைவர் மறுபக்கம் வந்தது.

"அது காங்கஸ் செய்ததில்லை,
அவன் மச்சான் செய்தது.
அடியில் பிரைமர் கிடையாது."
அதுவும் உண்மைதான்.

பெயின்ட் என்றால்
வருடா வருடம் அடியில் படுக்க வேண்டும்,
சின்னத் தகரமும் தூரிகையுமாக.
உன் வேலைக்கு முடிவே கிடையாது என்றான்.
கிடையாதுதான்.
பெயர்ந்த இடம் பெயர்ந்ததாகத் தெரியும்,
எனக்கு அது போதும்.

பிறகு, சொல்லக்கூடாததைச் சொன்னேன்.
ஜனவரியில் சுரங்கம் அவனை அனுப்பிவிட்டது.
மார்ச் வரைக்கும் வெர்லின்
தினமும் காலை ஐந்தரைக்குச்
சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பிப் போனான்.
நூலகத்தில், காரில், ஏரிக்கரையில்
எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டு
ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு வந்தான்.
முகத்தில் ஒரு கீறல் இல்லை.

"நீ பூசி மெழுகுவாய் என்று எனக்குத் தெரியும்.
இதற்காவது வேண்டாம்."

அவன் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனான்.
சட்டத்தை மூட யாருக்கும் தோன்றவில்லை.
இரவில் ஏரியிலிருந்து மூடுபனி வந்தது,
கராஜ் கதவின் அடியில் இரண்டங்குல இடைவெளி.

காலையில் சட்டம் முழுக்க
ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய பூ.
நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று
துரு காத்திருக்கவில்லை.

ஆளுக்கொரு கம்பித் தூரிகை.
ஆளுக்கொரு பக்கம்.
பதினோரு மணிவரை பேச்சில்லை.
நடுவில் ஒருமுறை அவன் தும்மினான்,
நான் துணியை நீட்டினேன்.

கடைசியில் முடிவு செய்தது காங்கஸின் அடுப்பு:
நீளம் பன்னிரண்டடி.
சட்டம் பதினாறு.
கிரீன் பே வரை கொண்டுபோனால்
ஆயிரத்து நானூறு டாலர்.
அந்தத் தொகையை இருவரும் உரக்கச் சொல்லவில்லை.

சட்டத்துக்குப் பிரைமர், இரண்டு கை பெயின்ட்.
கறுப்பு வேண்டாம், வெளிர் சாம்பல் என்றது வெர்லின்தான்.
விரிசல் விட்டால் அதில்தான் தெரியுமாம்.
பிராக்கெட்டுகளும் ஸ்பிரிங் பிடிகளும்
காங்கஸின் அடுப்புக்குப் போய்
கண்ணாடிக் கறுப்பில் திரும்பின.
அவனுக்கு அவ்வளவாவது இருக்கட்டும்.

இது அடுத்த ஏப்ரல்.
குளிர்காலம் முழுக்க உப்பிட்டவள் நான்,
இப்போது வண்டிக்கடியில் முதுகு நனையக் கிடக்கிறேன்.
பெயின்ட் பெயர்ந்தது ஏழு இடம்.
சுரண்டி, துடைத்து, தூரிகை வைத்தாயிற்று.

கறுப்புப் பிராக்கெட்டுகளில்
ஒரு புள்ளிகூட இல்லை.
ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கேட்கிறேன்.
சத்தம் கெட்டியாகத்தான் இருக்கிறது.
வெளியே வெர்லினின் பூட்ஸ் நின்று,
"எப்படி?" என்கிறது.
நன்றாக இருக்கிறது என்கிறேன்.
இன்னொரு முறை
மெதுவாகத் தட்டுகிறேன்.