இருபதாயிரம் லாரி

சிரிக்காதீர்கள்,
அந்த நாட்டில் பணத்துக்குப் பெயரே அதுதான்.
சரக்கு ஏற்றாது, சாலையில் ஓடாது,
சட்டைப் பையில் மடிந்து கிடக்கும்.

ருஸ்தாவி கார்ச் சந்தை, பிப்ரவரி, பின்னிரவு.
பனிப்போர்வைக்குள் ஆயிரக்கணக்கில் பழைய கார்கள்,
கண்ணாடியில் சோப்புக்கட்டியால் எழுதிய விலைகள்.
காவல் அறையில் நான்கு பேர், ஒரு மின் அடுப்பு.

விளையாட்டு நுக்ஸாருடையது.
முன்னாள் கணக்கர்;
கனவுக்கும் ரசீது கேட்கிற மனுஷன்.
"ஆளுக்கு இருபதாயிரம். மூன்று காலம், மூன்று வண்டி.
ஒன்று நீ பிறக்குமுன் வந்தது,
ஒன்று உன் இளமையில்,
ஒன்று இன்றைக்கு.
கடன் கிடையாது."

தெங்கிஸ் முந்திக்கொண்டான்.
மூக்கின் மேல் மான் பாயும் அறுபத்தொன்றாம் வருஷத்து வோல்கா,
பதினோராயிரம்.
எண்பத்தொன்பதின் கறுப்பு மெர்சிடிஸ், ஆறாயிரத்து ஐந்நூறு.
"அதில் வந்து இறங்குகிறவனைப் பார்த்தாலே
நாங்கள் வாயை மூடிக்கொள்வோம் அப்போதெல்லாம்."
மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு
முன்பக்க பம்பரே இல்லாத ஒரு ஜப்பான்காரி.

"சுங்கவரி?" என்றார் நுக்ஸார்.
"கனவுக்குமா?"
"வோல்காவுக்கு கார்புரேட்டர்? டயர்?
யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது பார்."
தெங்கிஸ் மானை மட்டும் வைத்துக்கொண்டு
வோல்காவை விற்றுவிடலாமா என்று யோசித்தான்.

எதேரி தேநீர் ஊற்றுகிறவள்,
பீன்ஸ் வைத்த ரொட்டி அவள் வியாபாரம்.
அவள் கேட்டது ஒரு ஸப்பரோஷெட்ஸ்,
இருபுறமும் காது முளைத்த நீலக் குட்டி.
"பெட்ரோல் வாசத்தோடு சூடு வரும்.
யாரோ ஒருவன் பக்கத்தில் இருந்தான்,
பெயர் வேண்டாம்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் போடு."

"நீ பிறக்குமுன் வந்ததா?"
"என் வயதை உன்னிடம் யார் சொன்னது?"

"சரி, இளமைக்கு?"
அடுப்பின் சிவப்புக் கம்பியைப் பார்த்தபடி இருந்தாள்.
"தொண்ணூற்று மூன்றில் எங்களிடம் வண்டி எங்கே?
மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை.
குழந்தை வண்டியில் மண்ணெண்ணெய் வைத்து
ஒன்பது மாடி ஏற்றினேன்.
குழந்தை? அது இடுப்பில்.
அந்த வண்டியை எழுதிக்கொள்."

நுக்ஸார் பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார்.
"அது கார் இல்லையே."
"சக்கரம் இருந்தது. நான்கு. ஒன்று கீச்சிடும்."

நெடுநேரம் கழித்து எழுதினார்:
குழந்தை வண்டி, நூறு.
மீதிப் பதினேழாயிரத்துக்கு
பிளாஸ்டிக் வாசம் போகாத மின்சாரக் கார் ஒன்று,
சீனத்து வெள்ளை.
கணக்கு சரியாக முடிந்தது.
அவருக்கு அது பிடிக்கும்.

வாஜாவின் முறை.
பத்தொன்பது வயது, கார் கழுவுகிறவன்,
விரல்கள் நீரில் ஊறி வெளுத்தவன்.
எந்த வண்டியின் கதவும்
எப்படிச் சாத்தினால் என்ன ஓசை தரும் என்று
கண்ணை மூடிச் சொல்வான்.
அவனுடைய பட்டியலுக்காகத்தான்
எல்லோரும் விழித்திருந்தார்கள்.

"சக்கரம் இருந்தால் போதும் இல்லையா, விதிப்படி?"
"ஆமாம்."
"வார்சாவுக்குப் போகிற பேருந்து.
ஒரு இருக்கை.
நானூறு."

எதேரி கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.
நுக்ஸார் எழுதினார்: பேருந்து, 400.
கீழே: மிச்சம் 19,600.
அடியில் ஒரு கோடு இழுத்தார்,
இன்னொரு கோடும்.
மற்ற இரண்டு காலத்துக்கும் என்னவென்று
அவர் கேட்கவில்லை.
சட்டம் பேசாத நுக்ஸாரை
அன்றுதான் பார்த்தார்கள்.

வெளியே அல்மாட்டியிலிருந்து வந்த வியாபாரிகள்
டார்ச் அடித்து
பெயிண்டுக்கு அடியில் துருவைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.
தெங்கிஸின் ஒப்பல் கிளம்ப மறுத்தது.
தொண்ணூற்றேழு மாடல்;
யார் பட்டியலிலும் இடம்பிடிக்காதது.
மூன்று பேரும் பின்னால் தோள் கொடுத்தார்கள்,
எதேரி கையில் கரண்டியோடு.
இருமியது, செருமியது,
பிடித்துக்கொண்டது.

நிறுத்தினால் அணைந்துவிடும்.
அதனால் தெங்கிஸ் நிறுத்தவில்லை.
விலை எழுதிய கண்ணாடிகளுக்கு நடுவே
வட்டமடித்துக்கொண்டே கத்தினான்:

"வாஜா, ஓடி வந்து ஏறு!
முக்கு வரைக்கும்தான்!"

கதவு திறந்தபடியே இருந்தது.
வாஜா ஓடினான்.