பதினான்கு பேருக்கான பறவை

ஆகஸ்டிலேயே சொல்லி வைத்தது.
பதினான்கு பேருக்கு,
பத்து கிலோவுக்குக் குறையக்கூடாது என்று
ராய்ஸ்தான் பண்ணைக்குப் போன் செய்தான்.
செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
படகையும் நல்ல கத்திகளையும் எடுத்துக்கொண்டு
அவன் போய்விட்டான்.
பறவையை வேண்டாமென்று சொல்ல
இரண்டு பேருக்கும் நினைவில்லை.

'தயாராக இருக்கிறது, எடுத்துப் போங்கள்' என்றாள்
பண்ணைக்காரி, நன்றித் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால்.
மறுக்கத்தான் வாயெடுத்தேன்.
'எத்தனை மணிக்கு?' என்று வந்தது.

பெயரில்தான் வான்.
வேலிக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்தவை
தரையை விட்டு ஒரு முழம்கூட எழும்பவில்லை.

முன் இருக்கையில் வைத்தேன்.
ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து
கார் விடாமல் மணியடித்தது.
பெல்ட் போட்டுவிட்டேன்.
மக்கியாஸ் பாலம் தாண்டி வீடு வரும் வரை
நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.
அந்த இருக்கைக்கு அது பழக்கம்தான்.

உப்புத் தண்ணீரில் இரண்டு இரவு,
பின்வாசல் குளிரில்,
ரக்கூன் திறக்காமலிருக்க மூடிமேல் செங்கல்.
திருநாளன்று காலை
நிலவறையில் வெப்ப உலை
ஒருமுறை இருமியது, நின்றது.
குழாய்க்காரர், மின்சாரக்காரர், யாரும் எடுக்கவில்லை.
நாலாவது எண்ணில் ஒருவர்
'மூன்று மணிக்கு மேல் வருகிறேன்' என்றார்,
'இரட்டைக் கூலி.'

கோட்டைக் கழற்றாமல்
கைப்பட்டையை மட்டும் மடித்துவிட்டு
உள்ளே கைவிட்டேன்.
கழுத்து வந்தது, பிறகு ஒரு காகிதப் பொட்டலம்:
ஈரல், இரைப்பை, இதயம்.
இவ்வளவு பெரிய உடம்புக்கு
ஒரு பேரீச்சம்பழ அளவு இதயம்.

தோலுக்கும் சதைக்கும் நடுவே
விரல் நுழைத்து வெண்ணெய் தடவ வேண்டும்,
தோல் கிழியாமல்.
இது எனக்கு அத்துப்படி.
ராய்ஸையும் அவன் தம்பி எம்மன்ஸையும்
ஒரே மேஜையில் உட்காரவைத்த பதினெட்டு வருஷமும்
நான் செய்தது இதைத்தான்.

காலைக் கட்ட நூல் இல்லை.
பல்லிடுக்கு நூல் இருந்தது, புதினா வாசனை.
கட்டினேன்.

அடுப்பு ஒன்றுதான் வீட்டில் சூடு.
அதன் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு
கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்தேன்.
நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை
திறந்து, வழிந்த கொழுப்பை அள்ளி ஊற்றி, மூடி.
சமையல் புத்தகம் திறக்காதே என்கிறது.
திறந்தால்தான் எனக்குக் கை விறைக்காது.
வெளுத்த தோல் மஞ்சளாகி
மஞ்சள் தேன் நிறமாகி
ஓரிடத்தில் மட்டும் கருத்து வந்தது.
அங்கே தகரத்தாள் போர்த்தினேன்.

லூட்ஜெர் திபோடோ நாலே காலுக்கு வந்தார்.
கீழே போய் தட்டினார், திட்டினார், மேலே வந்தார்.
'பற்றவைக்கும் பாகம் போய்விட்டது. திங்கட்கிழமைதான்.'
பிறகு, அடுப்பைப் பார்த்து,
'எத்தனை பேர்?'
'கணக்கு மாறிவிட்டது' என்றேன்.

வெப்பமானி நூற்று அறுபத்தைந்தைத் தொட
இன்னும் இருபது நிமிஷம் பிடித்தது.
இறக்கி வைத்து அரைமணி தொடக்கூடாது.
அந்த அரைமணியும் அவர் போகவில்லை.
வேனில் ஒரு சாண்ட்விச் இருக்கிறது என்றார்.
மனைவி ஆஸ்பத்திரியில் இரவுப் பணி என்றார்.
ரொட்டிக் கத்தியால் அறுத்தேன்.
துண்டு வரவில்லை, நார் நாராகப் பிய்ந்தது.
தொடையைக் கையோடு பிடுங்கி அவர் தட்டில் வைத்தேன்.
சாப்பிடுமுன் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார்,
நீளமாக இல்லை.
'புதினாவா போட்டீர்கள்?' என்று கேட்டார்.
சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

மனைவிக்கென்று ஒரு பொட்டலம், சூடாக.
கூலி ஒற்றையாகத்தான் வாங்கினார்.

இரவு.
எலும்புகளைப் பெரிய பானையில் போட்டு
வெங்காயம், மிளகு, தண்ணீர்.
அணைத்தால் வீடு உறைந்துவிடும்,
அதனால் விடிய விடிய சூப்.
ஜன்னலெல்லாம் ஆவி.

பத்து மணிக்குப் போனில் ராய்ஸ்:
'அந்தப் பறவையை வேண்டாமென்று சொன்னாயா?'

கை முழுக்கக் கொழுப்பு.
இன்னும் நாலு குவளை தண்ணீர் ஊற்றினேன்.