எட்டுக்கால்

சுல்தான்பேட்டைக்குத் தெற்கே
கார்த்திகை ராத்திரி ஒண்ணே முக்கால்.
கொட்டாயின் கிழக்கு மூலையில்
ஒரு நாள் வயதுக் குஞ்சுகள் நாலாயிரம்
குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.
அடியில் கிடப்பது நசுங்கும்.
மேலே நிற்பதற்கு அது தெரியாது.

"ஏனுங் அம்மணி, ஆவுமா?"
ஈஸ்வரமூர்த்தி கேட்பது மூன்றாம் முறை.
கரியை ஊதிக்கொண்டே துளசிமணி,
"சித்தெ சும்மா இருங்க, பாக்கட்டும்."

பெட்டிக்குள் மஞ்சித்தூள்,
பல்லி முட்டை இரண்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்தேன்.
எட்டாம் காலில் பன்னிரண்டு வோல்ட்.
மூன்றில் ஐந்து புள்ளி ஏழு,
குளிருது என்கிறது தெர்மிஸ்டர்.
இரண்டில் ஐந்து,
இதற்கு மேல் குளிரக் கூடாது என்று
யாரோ திருகி வைத்த ப்ரீசெட்.
மூன்று பெரிது. ஆக, ஒன்று உயர வேண்டும்.
ஒன்றில் ஒன்றுமில்லை.

டிரான்சிஸ்டர் மேல்தான் முதல் சந்தேகம்.
பத்து கே வழியாக அதன் பேஸுக்கு
நேராகக் கொஞ்சம் கரண்ட் காட்டினேன்.
டக்.
ரிலே விழுந்தது, ஹீட்டர்கள் சிவந்தன,
நாலாயிரம் தலைகள் ஒரு கணம் சத்தத்தை நிறுத்தின.
"அப்படியே உட்டுரலாங்களா?"
"உட்டா விடியறதுக்குள்ள வெந்துருங்க."
வயரை எடுத்தேன். மறுபடி இருட்டு, மறுபடி கீச்சு.

ஐசியைக் கழற்றி, டப்பாவில் கிடந்த
இன்னொன்றைச் செருகினேன்.
ஒன்றில் ஒன்றுமில்லை.
நாற்பது நிமிஷம் போயிருந்தது.

கழற்றியதை உள்ளங்கையில் வைத்துத்
டார்ச்சைச் சாய்த்துப் படித்தேன். 393.
செருகியதும் 393.
சாக்கெட்டுக்கு அடியில், போர்டில்,
வெள்ளை எழுத்தில் 358.

இரண்டுக்கும் எட்டுக் கால்.
கால்களின் வேலையும் ஒன்றே.
358 தானே ஏற்றும், தானே இறக்கும்.
393க்கு இறக்க மட்டும் தெரியும்.
ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்
அது பிடியை விடுகிறது, அவ்வளவுதான்.
மேலிருந்து ஒரு ரெசிஸ்டர் பிடித்துத் தூக்கினால்
அது ஆமாம்.
இல்லாவிட்டால் வெறும் கைவிடல்.

ஐப்பசி இடிக்குப் பிறகு
இதை மாற்றியது யார் என்று
யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
அன்றைக்குக் கொட்டாய் காலி.
கோழி லாரி ஏறிப் போயிருந்தது.
பச்சை விளக்கு எரிந்தது, பார்த்தேன்,
டீ குடித்தேன், வண்டியை எடுத்தேன்.

மஞ்சள், ஊதா, சிவப்பு. நாலு புள்ளி ஏழு கே.
எட்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே
போர்டின் முதுகில் ஈயம் வைத்தேன்.
ஒன்றில் எட்டு புள்ளி நாலு.
டக்.

இருபது நிமிஷம் நன்றாக இருந்தது.
பிறகு, மூன்றும் இரண்டும்
ஒரே ஐந்தில் வந்து நின்றபோது
டக்டக்டக்டக்டக் என்று
முடிவெடுக்கத் தெரியாமல் அடித்துக்கொண்டது ரிலே.
துளசிமணி பயந்துபோய் எழுந்துவிட்டார்.
அதுவும் ஒரு ரெசிஸ்டர் தூரம்தான்:
ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள்,
ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திரும்பிப் போகும்படி.
இப்போது, எடுத்த முடிவை மாற்ற
அதற்கு ஒரு டிகிரி காரணம் வேண்டும்.

மூலையில் குவிந்தவை மெல்லக் கலைந்து
மஞ்சித்தூள் மேல் பரவின.
ஈஸ்வரமூர்த்தி சாக்குப்பையில்
எண்ணிப் போட்டார். முப்பத்தேழு.
"என்ன கோளாறுங்க?"
சோல்டரிங் அயர்ன் ஆறட்டும் என்று
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"போன தடவ நான் போட்டது தப்புங்க."
அவர் சாக்கின் வாயைக் கட்டினார்.
"செரி" என்றார்.
அந்தச் செரியில் எத்தனை வோல்ட் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

பணம் வாங்கவில்லை. துளசிமணி
பெட்ரோலுக்கு என்று இருநூறைப் பைக்குள் திணித்தார்.
காமநாயக்கன்பாளையம் ரோட்டில்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எரிந்தன, அணைந்தன.
டப்பாவில் மீதி ஆறு 393.
வீட்டுக்குப் போனதும் மூடியில்
கெட்டியாக எழுத வேண்டும்.