செவுள்

ஜெசிந்தா சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.
மகள் பிரசவம், மஸ்கட்டில்.
ஒரே ஒரு செம்பருத்தி, பெயின்ட் பக்கெட்டில்.
ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சொம்பு, அவ்வளவுதான்.
நான் மறந்தது பத்தொன்பது நாள்.

இலையெல்லாம் கீழே. அதன்மேல் துறைமுகத்துக் கரித்தூள்.
நாளைக்கு அவள் வருகிறாள்.

வெண்டைக்காய் படக்கென்று ஒடிந்தால் வாங்கலாம்.
கிளை ஒடிந்தால் போச்சு.
நுனி ஒடிந்தது. அதற்குக் கீழும் ஒடிந்தது.
நடுத்தண்டு மட்டும் வளைந்து
என் விரலை லேசாகத் தள்ளியது.

காசிமேட்டுக்காரி நான்.
கண்ணைப் பார்த்து ஏமாற மாட்டேன்,
செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.
நகத்தால் பட்டையைச் சுரண்டினேன்.
பழுப்பு.
இன்னும் கீழே. பழுப்பு.
மண்ணோரம், கடைசியாக,
ஈரமாய் ஒரு பச்சை,
நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும் அளவு.

மீன் வெட்டும் கத்தரியாலேயே
செத்ததையெல்லாம் நறுக்கினேன்.
நிழலுக்கு இழுத்து வைத்து
லாரித் தண்ணீர், கை கையாக.
இப்போது அது முழ உயரக் குச்சி.

எங்கேடி என் செடி என்பாள்.
சுரண்டிப் பார் என்று சொல்லலாம்.
வேண்டாம்.
ஆளாளுக்குச் சுரண்டினால்
இருக்கிற பச்சையும் போய்விடும்.