வாய்தா

குர்லா கோர்ட்டு மதிலோரம்
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே
இருபது வருடமாய் மனு டைப் அடிக்கிறேன்.
அதனால்தான் ஞானசீலன் வாத்தியார் சொன்னார்:
"கோர்ட்டு உனக்குத் தெரியும், யோபுராஜ்.
ரோமாபுரி நீதிபதி நீதான்."

தாராவியில் கோயில் ஆண்டு விழா நாடகம்.
எனக்கு ஊதா பெட்ஷீட் ஒன்று,
நெட்டிலிங்க இலையில் கிரீடம்,
சலூனிலிருந்து தூக்கி வந்த சுழல் நாற்காலி.
எதிரே நிற்கும் மிஷனரி
தோல் கிடங்கு எபநேசர்.
கையில் விலங்குக்குப் பதில்
சைக்கிள் செயின்.

எனக்கு வசனம் நாலே வரி.
அவனுக்கு மூன்று பக்கம்.
அவன் வரப்போகும் தீர்ப்பைப் பற்றிப் பேசுகையில்
நீ நடுங்க வேண்டும் என்றார் வாத்தியார்.
நடுங்கினேன்.
மலேரியா மாதிரி இருக்கிறது என்றார்.

நடுங்கிய நீதிபதியை எங்கே பார்த்தேன்?
மின்விசிறியைப் பார்ப்பார்கள்,
கடிகாரத்தைப் பார்ப்பார்கள்,
இரண்டு மணிக்குமேல் யாரையும் பார்ப்பதில்லை.
"ரோமிலும் வாய்தா உண்டா சார்?"
"தெரியவில்லையப்பா. இல்லாமலா இருந்திருக்கும்."

ஒரே ஒரு தடவை.
தமிழுக்கு ஆளில்லை என்று
உள்ளே கூப்பிட்டார்கள் என்னை.
கூண்டில் ஒரு விழுப்புரத்துக்காரன்,
உள்ளே போய் இரண்டு வருடம்,
அன்றைக்கு முப்பத்தோராவது வாய்தா.
நீதிபதிக்கு இருமல் நிற்கவே இல்லை.
அவன் ஏதோ முணுமுணுத்தான்.
"க்யா போலா?" என்றார் என்னிடம்.
"தண்ணீர் குடிக்கச் சொல்கிறான், சாகேப்.
உங்களைத்தான்."

பேனா
காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே
அப்படியே நின்றது.
தண்ணீர் குடித்தார்.
பிறகு, மார்ச் பதினாலு என்றார்.

நாடக இரவு.
மைக் இரண்டு முறை செத்துப் பிழைத்தது.
எபநேசர் ஒரு சொல் தவறாமல்
மூன்று பக்கத்தையும் சொல்லி முடித்தான்.
வியர்வையோடு செயின் கிரீஸ்
முழங்கை வரை வழிந்திருந்தது.
என் கை அந்தரத்தில்
தானாகவே நின்றது, அந்தப் பேனாவைப் போல.
வாத்தியார் திரைக்குப் பின்னால் கட்டை விரலை உயர்த்தினார்.

"இவனைக் கொண்டுபோங்கள்."
அதுதான் என் கடைசி வரி.
வாயில் வந்தது வேறு:
"வாய்தா."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.
எபநேசரும் சிரித்துவிட்டான், விலங்கோடு.
மூன்றாம் வரிசையில் குருசம்மாள்,
மகன் தலோஜா ஜெயிலில் இருக்கிறான்,
அவள் சிரிக்கவில்லை.
கைப்பையைத் திறந்தாள்.
பேனா எடுத்தாள், ஒரு பழைய பஸ் டிக்கெட் எடுத்தாள்,
எந்தத் தேதி என்று
என் முகத்தையே பார்த்தாள்.